நாப்பதுல வர்ற ஆட்டம்

ஏறுங்க சார், முன்னாலயே உக்காருங்க. பின்னால எடம் இல்ல. அந்த பஸ்ஸு இனி கிளம்பாது. ரேடியேட்டர்ல புகை வந்துருச்சுன்னா கீழ இருந்து ஒரு ஆள் வரணும், அவரு வந்து பாத்துட்டு இன்னொரு ஆளைக் கூப்பிடணும். நான் போடிப் பக்கந்தான் போறேன். மலை இறங்கினதும் அடிவாரத்துல ஒரு கோயில் வரும், அங்க இறக்கிவிடுறேன். நிமிசத்துக்கு ஒரு பஸ்ஸு கிடைக்கும். காசெல்லாம் வேணாம். நான் இன்னிக்கு வாடகைக்கு வரல. டீசல் போடப் போறேன்.

கதவை இழுத்துச் சாத்துங்க. இன்னும் கொஞ்சம் பலமா. ஆங்.

பின்னால என்னன்னு பாக்குறீங்களா? தாம்பாளத் தட்டு. பதினொண்ணு இருக்கு. பழம், வளையல், பட்டுப்பாவாடை, மாலை, அந்த மாதிரி. யாரு வீட்டு விசேசத்துக்கோ போகுது. நடுவுல சாஞ்சு தூங்குது பாருங்க, அது வேலுத்தாய். தோட்டத்துல ஏலக்கா எடுக்கிற பொம்பள. மடியில தூக்குவாளியை வச்சுக்கிட்டுத்தான் தூங்கும், எறங்குற வரைக்கும் விடாது. அதுக்கும் கீழ ஏதோ வேலையாம்.

புது வேட்டிதான் சார். டீசல் போடப் போறவன் அழுக்கு வேட்டிதான் கட்டணும்னு ஒண்ணும் இல்லையே.

ஒண்ணு கவனிச்சீங்களா? வண்டி ஆடல. நல்லாக் கவனிங்க. இப்ப இருபத்தஞ்சுல போறோம். கீழ சமதரைக்குப் போனதும் நாப்பத்தஞ்சு தொடுவேன். அப்பவும் ஆடாது. போன ஐப்பசியில நீங்க இந்த வண்டியில ஏறியிருந்தா பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கணும். கரெக்டா நாப்பதுல ஆரம்பிக்கும். முதல்ல சீட்டுக்கு அடியில ஒரு விறுவிறுப்பு. அப்புறம் முதுகு. நாப்பத்தஞ்சுல பின்னால இருக்கிற பொம்பளைக பேசினா குரலே உடைஞ்சு உடைஞ்சு வரும். அம்பதைத் தாண்டினா குறையும். ஆனா பதினாலு பேரை வச்சுக்கிட்டு அந்த ரோட்டுல எவன் அம்பதைத் தாண்டுறது?

என் பேரு சுருளிவேல். போடி ஸ்டாண்டுல இருபத்தோரு ஜீப்பு ஓடுது, அதுல ஒண்ணு இது. காலையில அஞ்சே முக்காலுக்கு தோட்டத்துப் பொம்பளைகளை ஏத்திட்டு மலைக்கு வருவேன், சாயங்காலம் கொண்டுபோய் வீட்டுல விடுவேன். பத்தொன்பது வருசமா இதே வேலை. ஜீப்பு எதுக்கு, வேன் பத்தாதான்னு கேப்பாங்க. மலை மேல வரைக்கும் தார் ரோடுதான். அங்க இருந்து தோட்டத்துக்குள்ள இறங்குற பாதை இருக்கே, மழை பேஞ்சா அதுல ஆடுகூட யோசிச்சுத்தான் கால் வைக்கும். அங்க முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கணும். அதுக்குத்தான் இந்த வண்டி.

ஒரு நிமிசம் சார், லாரி வருது. இந்த வளைவுல மேல வர்றவனுக்குத்தான் வழி விடணும். சில பேருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

ஆங், சக்கரம் இழுக்கணும்னு சொன்னேன்ல? அதுக்குத்தான் சாஃப்ட்டு. கியர்பாக்ஸ் சுத்துற சுத்தை சக்கரத்துக்குக் கொண்டுபோறது அதுதான். என் முழங்கை மொத்தத்துல ஒரு இரும்புக் குழாய். முன் சக்கரத்துக்கு ஒண்ணு, பின் சக்கரத்துக்கு ஒண்ணு. ரெண்டு முனையிலயும் கிராஸுன்னு ஒரு சாமான் இருக்கும், கூட்டல் குறி மாதிரி. மனுசனுக்கு மணிக்கட்டு எப்படியோ அப்படி. பள்ளத்துல வண்டி ஏறி இறங்குறப்ப சாஃப்ட்டு மடங்குறதுக்கு அது வேணும்.

பின் சாஃப்ட்டுக்கு ரெண்டு கிராஸும் புரட்டாசிக் கடைசியில தேஞ்சு போச்சு. போட்டுக் கொடுத்தது எங்க மாப்ள. கோட்டைச்சாமின்னு பேரு. என் தங்கச்சி ஈஸ்வரி வீட்டுக்காரர். போடியில ஜீப் பட்டறை வச்சிருக்கார். வச்சிருந்தார். நல்ல வேலைக்காரர்தான், நான் இல்லைன்னு சொல்லல. நல்லதை நல்லதுன்னு சொல்லிடுறவன் நான். புதுசு ரெண்டு வாங்கிப் போட்டார், ஓட்டிப் பாத்தேன், வெண்ணெய் மாதிரி போச்சு. அஞ்சு நாள் அப்படிப் போச்சு. அப்புறம் ஆயுத பூசை வந்துச்சு.

பூசைன்னா நான் மத்தவனுக மாதிரி இல்ல சார். மத்தவன் மேல தண்ணி அடிப்பான், கண்ணாடியில சந்தனம் வைப்பான், ரெண்டு வாழைக்கன்னு கட்டுவான், முடிஞ்சுது. மேல பளபளன்னு இருந்தா சாமி ஏமாந்துடுமா? உழைக்கிறது அடியில இருக்கிறதுதானே. நான் அடியைத்தான் கழுவுவேன். இந்தத் தடவை பின் சாஃப்ட்டையே கழட்டி எடுத்துட்டேன். அது நடுவுல ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி இருக்கும், பல்லுப் பல்லா. உருவினா ரெண்டு துண்டா வந்துடும். ரெண்டையும் டீசல்ல கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, வெள்ளிப் பெயின்ட் அடிச்சேன். ரெண்டு கோட்டு. அரிசி மாவுக் கோலத்துல ரெண்டையும் படுக்க வச்சு, விபூதிப் பட்டை போட்டு, எலுமிச்சம்பழம் வச்சுக் கும்பிட்டேன். என் வீட்டுக்காரி கண்ணுல தண்ணி வச்சுட்டா. மறுநாள் விடியக்காலம் சொருகி மாட்டிட்டு லைனுக்குப் போனேன்.

போனா, ஆடுது.

பொம்பளைகளை ஏத்திட்டு ஊரைத் தாண்டி நாப்பது தொட்டதும் ஆரம்பிச்சுது. பாருங்க சார், புதுக் கிராஸ் போட்டு பத்து நாள் ஆகல. யாரைச் சொல்றது? நீங்களே சொல்லுங்க.

அன்னிக்கே மாப்ளகிட்ட கொண்டுபோனேன். அவர் அடியில குனிஞ்சு பாத்தார். பாத்துட்டு, "மச்சான், நான் போட்டதுக்கு அப்புறம் சாஃப்ட்டுல யாராச்சும் கை வச்சாங்களா?"ன்னு கேட்டார். ஒருத்தனும் வைக்கலன்னு சொன்னேன். சத்தியமா அப்படித்தான் சார் நெனச்சேன். மெக்கானிக் கை வைக்கிறதுதான் கை வைக்கிறது. சாமி கும்பிட்டதெல்லாம் அந்தக் கணக்குலயா வரும்? அவரும் "பெயின்டெல்லாம் அடிச்சிருக்கீங்களே"ன்னார். பூசைக்கு அடிச்சதுன்னேன். அடியில படுத்துக்கிட்டே அடிச்சிருப்பேன்னு நெனச்சுக்கிட்டார் போல. அது அவர் நெனச்சுக்கிட்டது. நான் பொய் சொல்லல. "ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க, இறக்கிப் பாக்குறேன்"னார். சீசன் நேரம் சார், காய் பழுத்து நிக்குது. ரெண்டு நாள் வண்டியை நிறுத்தினா பதினாலு பேரும் அடுத்த ஜீப்புல ஏறிடும். நான் விடல.

அப்புறம் போகாத எடம் இல்ல. டயர்க்கடைக்காரன் டயருன்னான். நாலு சக்கரத்தையும் கழட்டி, ஈயத்துண்டு ஒட்டி, மாத்தி மாத்திப் போட்டான். ஆடுச்சு. தேனியில ஒருத்தர், படிச்சவர், கண்ணாடி போட்டவர், இன்ஜினைத் தாங்குற ரப்பர் செத்துப்போச்சுன்னார். நாலு ரப்பர் மாத்தினேன். ஆடுச்சு. எங்க ஸ்டாண்டுல ஒருத்தன் திருஷ்டின்னான். பூசணிக்கா உடைச்சேன். அதுல வழுக்கி ஒரு மொபெட்டுக்காரர் விழுந்தார். வண்டி ஆடிக்கிட்டேதான் இருந்துச்சு.

இந்தா தூங்குதே, இது ஒரு நாள் பின்னால இருந்து சொல்லுது, "ஏப்பா சுருளி, நீ கியரை எடுத்துவிட்டு உருளவிட்டியே, அப்பவும் என் வாளி மூடி தடதடன்னுச்சு. அப்ப இன்ஜினு மேல என்னப்பா தப்பு?" இன்ஜின் ரப்பர் மாத்தின மறுநாள் சார். முந்தின நாள் சொல்லியிருக்கலாம்ல? தூக்குவாளி மூடியை வச்சு வண்டிக்கு வைத்தியம் பாக்குறியா ஆத்தான்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அது சிரிக்கல. "சாமி கும்பிட்ட மறுநாள்ல இருந்துதான் இந்த மூடி பேசுது"ன்னு மட்டும் சொல்லுச்சு. நான் திரும்பியே பாக்கல. சாமி கும்பிட்டு வண்டி கெடுமா? பேசுற பேச்சா அது?

கையை வெளிய நீட்டாதீங்க சார், பாறை உரசும்.

ஐப்பசிக் கடைசி வரைக்கும் பொம்பளைக பொறுத்தாங்க. அப்புறம் இடுப்பு வலின்னு ரெண்டு பேர் மாறினாங்க. முழுகாம இருந்த ஒரு புள்ளையை அதோட மாமியார் வந்து கையைப் பிடிச்சு இறக்கிக் கூட்டிட்டுப் போச்சு. ஒரு திங்கக்கிழமை காலையில பாக்குறேன், பதிமூணு பேரும் அடுத்த ஜீப்புல உக்காந்திருக்காங்க. என் வண்டியில வேலுத்தாய் மட்டும். ஏன் ஆத்தா நீ போகலன்னு கேட்டேன். எனக்கு ஆட்டம் பழகிப்போச்சுன்னுச்சு.

நான் கோவக்காரன் இல்ல சார். ஸ்டாண்டுல யாரை வேணா கேட்டுப் பாருங்க. ஆனா அந்தத் திங்கக்கிழமை, அந்த நேரம் பாத்து, எங்க மாப்ள வர்றார். தோள்ல பை, பையில ஸ்பேனரு. "மச்சான், வண்டியை நிறுத்த வேணாம், இங்கயே சாக்கை விரிச்சுப் பாத்துடுறேன்"ங்கிறார். நல்ல எண்ணத்துலதான் வந்தார், இப்ப சொல்றேன். அப்ப எனக்கு அந்தப் பதிமூணு பேர் அடுத்த வண்டியில உக்காந்து பாக்குறது மட்டுந்தான் தெரிஞ்சுது. சொல்லிட்டேன். பழைய கிராஸை மண்ணெண்ணெய்ல கழுவி மாட்டிட்டு புதுசுன்னு ஏமாத்திட்டீங்க மாப்ள, தங்கச்சி புருசனாச்சேன்னு பாக்குறேன், இல்லைன்னா செருப்பு பிஞ்சிருக்கும்னு.

சத்தமாத்தான் சொன்னேன். டீக்கடையில இருந்தவன் வெளிய வந்து பாத்தான்.

அவர் கையில கிரீஸே படல, வேலையே ஆரம்பிக்கல, ஆனா துணியை எடுத்துக் கையைத் துடைச்சார். துடைச்சுட்டு ஸ்பேனரைப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டார்.

அதுக்கப்புறம் ஸ்டாண்டுல ஒவ்வொருத்தனா அவர் பட்டறைக்குப் போறதை நிறுத்தினானுக. நான் போகாதன்னு யாரையும் சொல்லல. சொந்த மச்சானுக்கே பழசைப் போட்டவன் நமக்கு என்ன போடுவான்னு அவனுகளாப் பேசிக்கிட்டானுக. கார்த்திகை பாதியில பட்டறையைப் பூட்டிட்டு, கம்பத்துல ஒரு டிராக்டர் ஷெட்டுல கூலிக்குப் போக ஆரம்பிச்சார். பதினேழு வருசம் இடைவிடாம உழைச்ச மனுசன், கொஞ்சம் ஓய்வாத்தான் இருந்திருக்கும்.

நீங்க ஏன் சார் அப்படிப் பாக்குறீங்க?

கார்த்திகைக் கடைசியில ஒரு நாள் தங்கச்சி வந்தா. வாசல்லயே நின்னா, உள்ள வரல. "அண்ணே, பின் சாஃப்ட்டை மொத்தமாக் கழட்டிக் கீழ வச்சுட்டு, முன் சக்கரத்தோட கியரைப் போட்டு அதுல மட்டும் ஓட்டிப் பாப்பியாம். ஆட்டம் நின்னுச்சுன்னா கோளாறு பின் சாஃப்ட்டுலதான்னு அர்த்தமாம்"ன்னா. உனக்கு யாரு சொன்னான்னு கேட்டேன். "யாரும் சொல்லல"ன்னுட்டுப் போயிட்டா. தையல் மெசினுக்கே எண்ணெய் விடத் தெரியாது அவளுக்கு. யாரு சொல்லி அனுப்பினாங்கன்னு எனக்குத் தெரியாதா? ஏமாத்துக்காரன்னு சொன்னவன் வண்டிக்கு எதுக்கு ஒருத்தர் யோசனை சொல்லி அனுப்பணும்? கிண்டல்தான் பண்றார்னு நெனச்சேன். நெனச்சுட்டு, மறுநாள் ஞாயித்துக்கிழமை, கழட்டினேன்.

நாலு போல்ட்டு இந்தப் பக்கம், நாலு போல்ட்டு அந்தப் பக்கம். சாஃப்ட்டை வாசல்ல போட்டுட்டு முன் சக்கரத்துல மட்டும் வண்டியை எடுத்தேன். முப்பத்தஞ்சு. நாப்பது. நாப்பத்தஞ்சு. சார், ஒண்ணும் இல்ல. தொட்டில் மாதிரி போகுது. அம்பது வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்தேன்.

அப்ப சாஃப்ட்டுதான். கிராஸைப் பாத்தேன். புதுசு. நல்ல புதுசு, எண்ணெய்கூடக் காயல. ஆட்டி இழுத்துப் பாத்தேன், இம்மிகூட லூஸ் இல்ல. அப்படின்னா குழாய்தான் வளைஞ்சிருக்கணும்னு நெனச்சு, பாக்கிறதுக்காக டீசலை ஊத்தி அந்த வெள்ளிப் பெயின்டைச் சுரண்டினேன். சுரண்டுறேன், ஒரு துண்டுல அம்புக்குறி ஒண்ணு வருது. இரும்புலயே வெட்டுன அம்புக்குறி. அடுத்த துண்டைச் சுரண்டினா அதுலயும் ஒண்ணு. கம்பெனியில வச்சது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு நேராப் பாத்து நிக்கணும், அப்படிச் சொருகினாத்தான் ரெண்டு முனையும் ஒத்துச் சுத்தும். இங்க ஒண்ணு அங்கிட்டுப் பாக்குது, ஒண்ணு இங்கிட்டுப் பாக்குது. மூணு பல்லு தள்ளி.

அதைச் சொருகினது யாரு? அஞ்சு நாள் வெண்ணெய் மாதிரி போச்சுல்ல, அப்ப மாப்ள சரியாத்தான் சொருகியிருக்கார். பூசைக்கு உருவினது நான். பெயின்ட் அடிச்சு அம்பை மூடுனது நான். இருட்டோட இருட்டா எப்படி வந்துச்சோ அப்படிச் சொருகினதும் நான்.

உருவி, திருப்பி, அம்பை நேரா வச்சு மாட்டினேன். மாட்டி முடிச்சும் அடியிலயேதான் படுத்திருந்தேன். வெட்கமா இருந்துச்சு சார். வீட்டுக்காரி வந்து சாப்பிடக் கூப்பிட்டா. இன்னும் வேலை இருக்குன்னேன். ஒரு வேலையும் இல்ல.

மறுநாள் வேலுத்தாய் ஏறுச்சு. ஊரைத் தாண்டினோம், நாப்பத்தஞ்சுல போறேன், வாளி மூடி சத்தமே இல்ல. "யாருப்பா சரி பண்ணது?"ன்னுச்சு. தானாச் சரியாப் போச்சு ஆத்தான்னேன். அது மூடியை ஒரு தடவை தூக்கி மறுபடி வச்சுக்கிட்டுச்சு. ஸ்டாண்டுலயும் கேட்டானுக. தானாச் சரியாப் போச்சுன்னேன். ஒருத்தன், "கோட்டைச்சாமி போட்ட கிராஸைத் தூக்கிப் போட்டுட்டியா?"ன்னு கேட்டான். நான் ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. டீ குடிச்சுக்கிட்டிருந்தேன் சார். வாயில டீயை வச்சுக்கிட்டு என்ன பேசுறது?

ஒரு வாரத்துல பதிமூணு பேரும் திரும்ப வந்துட்டாங்க. மார்கழி பூரா சொல்லிடணும்னுதான் இருந்தேன். சந்தர்ப்பம் அமையல. ஒரு நாள் மழை. ஒரு நாள் அவர் கம்பத்துக்குப் போயிட்டார். ஒரு நாள் ஸ்டாண்டுல எல்லாரும் இருந்தானுக, ஆனா எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு.

தை பொறந்ததும் தங்கச்சி பத்திரிகை கொண்டுவந்தா. மக மகிழினிக்குக் காதுகுத்து. மூணு வயசு. எங்க பக்கத்துல தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் காது குத்துவாங்க, உங்க பக்கத்துலயும் அப்படித்தானே? தாய்மாமன்தான் தோடு கொண்டுபோகணும், பாவாடை கொண்டுபோகணும். அவளுக்குக் கூடப் பொறந்தவன் நான் ஒருத்தன்தான். எனக்குப் புள்ள இல்ல சார். அந்தப் புள்ள பொறந்த அன்னிக்கே தோட்டை வாங்கி வச்சுட்டேன்.

இல்ல, பாக்கெட்ல ஒண்ணும் இல்ல. சும்மா தொட்டுப் பாத்தேன்.

பத்திரிகையைப் பிரிச்சுப் பாக்குறேன். தாய்மாமன்னு போட்டு, என் பேரு இருக்க வேண்டிய எடத்துல வரிசையாப் புள்ளி வச்சிருக்கு. பேரு இல்ல. இது என்னத்தா அச்சுப் பிழையான்னு கேட்டேன். "பிழை இல்லண்ணே. அவரு வேற எதுவும் கேக்கல. எங்க வச்சுச் சொன்னியோ, யாரு முன்னால சொன்னியோ, அவங்க முன்னால வந்து இல்லைன்னு சொல்லணும். சொன்னா உன் மடி. சொல்லலைன்னா சித்தப்பா மகனை உக்காரச் சொல்லிக்கிறோம்"ன்னா. சொல்றப்பவே அழுதுட்டா. அவர் இப்படிக் கேப்பார்னு நான் எதிர்பாக்கல. புள்ளியைப் பாத்தீங்களா சார்? நேரா அடுத்தவன் பேரைப் போட்டிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காது. காலியா விட்டு அவமானப்படுத்துறார்.

வேலுத்தாய்கிட்ட மட்டும் சொன்னேன், போன வாரம். பூசை, பெயின்ட், அம்பு, எல்லாத்தையும். யாருகிட்டயாச்சும் சொல்லணும்ல? முழுசாக் கேட்டுட்டு அது சொல்லுது, "எங்கிட்ட சொல்லி என்னப்பா ஆகப்போகுது, என் காதா குத்தப்போறாங்க?" அவ்வளவுதான். இன்னிக்குக் காலையில கூப்பிடாமலே வந்து தட்டுகளுக்கு நடுவுல ஏறி உக்காந்துக்கிச்சு.

மலை முடிஞ்சுது சார். இனி சமதரை. பாருங்க, முப்பத்தஞ்சு. நாப்பது. இந்தா நாப்பத்தஞ்சு. ஏதாச்சும் தெரியுதா? தெரியாது.

அந்தா, வேப்பமரம் தெரியுதுல்ல, அதுதான் கோயில். இங்கயே ஓரமா நிறுத்திக்கிறேன். ஆமா சார், விசேசம் அங்கதான். இன்னிக்குத்தான். நான் போகல. டீசல் போடப் போறேன்னு முதல்லயே சொல்லிட்டேன்.

ஒரு உதவி செய்வீங்களா? நீங்க எப்படியும் அந்த வழியாத்தான் பஸ்ஸுக்கு நடக்கணும். நீலச் சட்டை போட்டு ஒருத்தர் நிக்கிறார் பாருங்க, அவர்தான் எங்க மாப்ள. அவர் காதுல மட்டும், "அம்புக்குறி ரெண்டும் இப்ப நேரா நிக்குது"ன்னு சொல்லிடுங்க. அவருக்குப் புரிஞ்சிடும். நான் சொன்னேன்னு சொல்ல வேணாம். வெள்ளிப் பெயின்டைப் பத்திக் கேட்டா, பூசைக்கு உருவினது தெரியும்னு சொல்லுங்க. யாரு உருவினதுன்னு கேட்டா... அவர் கேக்க மாட்டார்.

என்ன ஆத்தா? முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தியா?

கேட்டீங்களா சார், "ஸ்டாண்டுல கத்துனதை இங்க காதுல சொல்லச் சொல்றியா"ங்குது. இது எப்பவும் இப்படித்தான். முந்தின நாள் சொல்ல வேண்டியதை மறுநாள் சொல்லும்.

ஸ்டாண்டு இன்னிக்கு இங்கதான் இருக்கு, அது வாஸ்தவம். இருபது ஜீப்பும் வரிசையா நிக்குது. எல்லாத்தையும் கூப்பிட்டிருக்கார், தன்கிட்ட வண்டி விடுறதை நிறுத்தினவனையும்.

முகூர்த்தம் ஒம்பதரைன்னு போட்டிருந்துச்சு. மணி இப்ப பத்தே கால். முடிஞ்சிருக்கும். அதான் நானும் காலையில சும்மா மலை மேல வரைக்கும் போய்ட்டு, மெதுவா இறங்கி வந்தேன். ஆனா பாருங்க, ஆசாரி மரத்தடியில உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கார். சித்தப்பா மகன் பந்தியில இருந்து கை கழுவிட்டு வர்றான். புள்ள ஈஸ்வரி இடுப்புல இருக்கு, இன்னும் வெறுங்காதுதான். எதுக்கு நேரம் கடத்துறாங்கன்னு தெரியல. மாப்ளயும் அங்க வந்தவங்களைக் கவனிக்காம ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறார். யாரையோ எதிர்பாக்குறார். பெரிய ஆள் யாராச்சும் வர்றாங்களா இருக்கும்.

பத்திரிகையைக் கொஞ்சம் எடுங்க சார், அந்தக் கண்ணாடிக்கு மேல சொருகியிருக்கு. ஆமா, அதுதான். புள்ளி எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்க. நான் எண்ணியிருக்கேன், சரியான்னு பாக்கத்தான்.

எட்டா?

எட்டுதான். எட்டுன்னா ஒரு பேரு எழுதுறதுக்குத் தாராளமா எடம் இருக்கு. நான் இதை அப்படிப் பாக்கவே இல்ல சார்.

சரி. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். பஸ்ஸு எங்கயும் போயிடாது, அஞ்சு நிமிசம் இருங்க. அந்தப் பாவாடைத் தட்டை மட்டும் எடுத்துக்கிட்டு என் பின்னால வாங்க. ஆத்தா, நீ மாலையை எடுத்துக்க. வாளியை வண்டியிலயே வச்சுட்டு வா, யாரும் தூக்க மாட்டாங்க. எனக்கு ரெண்டு கையும் காலியா இருக்கணும். அம்பு எப்படி இருந்துச்சு, எப்படி இருக்கணும்னு கையில காட்டினாத்தான் அவனுகளுக்குப் புரியும்.

மெதுவாச் சொல்ல மாட்டேன் சார். அன்னிக்கு ஸ்டாண்டுல எவ்வளவு சத்தமாச் சொன்னேனோ அதே சத்தம். முதல்ல அது. மடி அப்புறம்.